திருப்பி மாட்டிய கதவு

அத்தியாயம் 12

அன்றைக்கும் அவள் கை தவறான பக்கம்தான் போனது.

வெளியே வந்து முன்கதவை இழுத்துச் சாத்த வலக்கையை நீட்டினாள். அங்கே வெறும் கீல்தான் இருந்தது. கைப்பிடி இடப்பக்கம். முப்பது வருடம் வலப்பக்கம் இருந்த கைப்பிடியை அவள் தம்பி இடப்பக்கம் மாற்றி ஏழு மாதமாகிறது. கைக்கு இன்னும் சேதி போய்ச் சேரவில்லை.

"காலையிலேயே கதவோட சண்டையா?" என்று உள்ளே கட்டிலில் இருந்து அப்பா கேட்டார்.

"சண்டை இல்லப்பா, தடவிப் பாக்குறேன்."

"பாத்துப் போ. இன்னைக்குத் தூக்கம் வர்ற மாதிரி இருக்கு, நான் வரலை."

அப்பாவுக்கு என்றைக்குத்தான் தூக்கம் வரவில்லை! பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பகலெல்லாம் தூங்குவார், தூக்கத்தில் ஒவ்வொரு நிறுத்தமாகச் சொல்லிக்கொண்டு போவார், நடுநடுவே "ரைட்" என்பார். வீட்டில் இருப்பவர்களுக்கு அந்தச் சத்தம் கேட்டால்தான் நிம்மதி. கண்டக்டர் பயணத்தில் இருக்கிறார் என்று அர்த்தம்.

இந்த வாரம்தான் இந்தத் தொடர்கதை வண்டியில் ஏறியவர்களுக்காக ஒரு நிமிடம். அவள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் இருபது வருடமாக வேலை பார்ப்பவள். வீட்டில் அவளுக்குக் 'கண்ணாடி' என்றுதான் பெயர். அவள் போட்டிருப்பதும் மைனஸ் எட்டு. கழற்றினால் எதிரே இருப்பவர் ஆணா பெண்ணா என்பதே சந்தேகம். தம்பி தச்சன். அவனுக்கு 'ரம்பம்' என்று பெயர் வைத்தவர் அப்பா. பேசிப் பேசி ஆளை அறுப்பவனைத்தான் ஊரில் அப்படிச் சொல்வார்கள். இவனோ நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம்.

ரம்பத்துக்கு ஒரு பெரிய அறுப்பு மெஷின் வாங்க ஆசை. அப்பா தன் வீட்டை அடமானம் வைத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மெஷின் வந்தது, வேலை வரவில்லை, தவணை நின்றது. ஒருநாள் தபாலில் ஒரு காகிதம் வந்தது: வீடு ஏலத்தில் போய்விட்டது, காலி செய்யவும். ஏலம் விட்டது யாருக்கும் தெரியாது. கடன் கொடுத்த நிறுவனம், "தெரியாதென்றால் நாங்கள் என்ன செய்ய, கதவில் நோட்டீஸ் ஒட்டினோமே" என்றது. அக்காவும் தம்பியுமாக அப்பாவின் பேரிலேயே நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டார்கள். ஏலத்துக்கு முப்பது நாள் முன்பே வீட்டுக் கதவில் நோட்டீஸ் ஒட்டியிருக்க வேண்டும் என்பது சட்டம். ஒட்டவில்லையென்றால் ஏலம் செல்லாது. வீடு நிற்கும்.

ஆக, மொத்த வழக்கும் ஒரு கதவின் மேல் நின்றது.

ஒட்டியதற்கு அத்தாட்சியாக நிறுவனம் ஒரு புகைப்படம் தாக்கல் செய்ய வேண்டிய நாள்தான் இன்று.

அவள் இடக்கையால் கதவைச் சாத்தினாள். வெளியே மழை பெய்யலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. பின்பக்கக் கொட்டகையில் தம்பி இழைப்புளி ஓட்டும் சத்தம் வந்தது. அவன் கூட வருவதாக இல்லை. கோர்ட்டுக்குக் கிளம்பும் ஒவ்வொரு நாளும் அவனுக்கு அவசர வேலை ஒன்று முளைத்துவிடும். பாவம், குற்ற உணர்ச்சி என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

கோர்ட் தாழ்வாரத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் யாருக்கும் அரைத்தூக்கம் வந்துவிடும். நீளமான மர பெஞ்சு, மேலே கிறங்கிச் சுற்றும் மின்விசிறி, யாரோ யாரையோ பேர் சொல்லிக் கூப்பிடும் குரல். அவள் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். கறுப்புக் கோட்டுகள் எல்லாம் கரைந்து ஒரே மையாகிவிட்டன. ஜன்னல் ஒரு வெள்ளைத் துண்டு. அந்தக் கலங்கலில் உட்கார்ந்திருப்பது அவளுக்குப் பிடிக்கும். அங்கே வீடு இல்லை, ஏலம் இல்லை, தாழ்வாரம் மெதுவாக எங்கேயோ மிதந்து போய்க்கொண்டிருந்தது.

பக்கத்தில் ஒரு மை வந்து உட்கார்ந்து இருமியது.

"மன்னிக்கணும். இந்த இடம் காலிதானே?"

கண்ணாடியைப் போட்டாள். மருந்துக்கடைக்காரர். ஏலத்தில் அவர்கள் வீட்டை எடுத்தவர். பார்க்கக்கூடாத ஆளைப் பார்த்ததுபோல் இருவருமே தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அவருடைய கண்ணாடி ஒரு பக்கம் சரிந்து மூக்கில் தொங்கிக்கொண்டிருந்தது. நாலு தடவை ஏற்றிவிட்டார், நாலு தடவையும் இறங்கியது. கீல் திருகு கழன்றிருக்கிறது என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது அவளுக்கு. எதிரியின் கண்ணாடி, எக்கேடு கெட்டால் என்ன என்று மூன்று நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். நாலாவது நிமிடம் கை அரித்தது.

"குடுங்க இப்படி."

கைப்பையில் இருந்து ஊசி மாதிரியான திருப்புளியை எடுத்து முடுக்கிக் கொடுத்தாள்.

அவர் போட்டுப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது மனிதருக்கு. "என் கடையையே வித்துட்டுத்தாம்மா உங்க வீட்டை எடுத்தேன். ஆள் குடியிருக்குன்னு எங்கிட்ட யாரும் சொல்லலை. நல்லபடியா ஏலம் நடந்ததுன்னு சொன்னாங்க, நம்பினேன்."

திட்ட வைத்திருந்த வார்த்தைகளை விட்டுவிட்டு அவள் திருப்புளியைக் கைப்பைக்குள் போட்டாள்.

அதற்குள் வக்கீலம்மா வந்துவிட்டார். அவரைத் தும்மல் வக்கீல் என்பார்கள். பழைய கட்டுகளைப் புரட்டிப் புரட்டித் தூசி ஒத்துக்கொள்ளாமல் போய், நல்ல வாதம் ஒன்று மனதில் உதித்தாலே தும்மல் வந்துவிடும். நீதிபதிகளுக்குக்கூட அது பழகிவிட்டது என்று கேள்வி.

"படம் குடுத்துட்டாங்க." வக்கீலம்மாவின் முகத்தில் தும்மலுக்கான அறிகுறியே இல்லை. "பாருங்க. உங்க கதவுதானே?"

அவள் வாங்கிப் பார்த்தாள். அவர்கள் கதவுதான். அப்பாவின் செருப்பு உரசி உரசிக் கீழ்ப்பலகையில் விழுந்த வெளுப்புகூடத் தெரிந்தது. நடுவில் ஒரு வெள்ளைக் காகிதம், நாலு மூலையிலும் டேப். படத்தின் பின்னால் பேனாவால் எழுதியிருந்தது: நாலாம் தேதி, காலை பதினோரு மணி.

ஏலம் நடந்தது அடுத்த மாதம் ஆறாம் தேதி. முப்பது நாள் தாராளமாக ஆகிவிட்டதே!

"நான் ஒரு நாளும் பாக்கலையே, மேடம். தினம் அந்தக் கதவைத்தானே திறந்து சாத்துறேன்."

"ஒட்டி, படம் எடுத்துட்டு, கையோட கிழிச்சுக்கிட்டுப் போறவங்களும் உண்டு. ஆனா அதை எப்படி நிரூபிக்கிறது? அரை மணி நேரத்துல நம்ம வழக்கு வந்துடும்."

அவள் பூதக்கண்ணாடியை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தாள். காகிதத்தில் இருந்த எழுத்து படிக்கிற மாதிரி விழவில்லை. கதவின் மரவரி, பூட்டுத் துளை, பித்தளைக் கைப்பிடி. நேரில் நிற்கிற மாதிரியே இருந்தது. அவளை அறியாமல் வலக்கை எழுந்து கைப்பிடியைப் பிடிக்கப் போனது. படத்தில் அந்த இடத்தில் கீல்தான் இருந்தது.

கை அந்தரத்திலேயே நின்றது.

"மேடம், இதுல கைப்பிடி இடப்பக்கம் இருக்கு."

"இருந்தா?"

"நாலாம் தேதி காலையில அது வலப்பக்கம்தான் இருந்தது."

வக்கீலம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

அவளுக்கு அந்த நாள் நன்றாக ஞாபகம் இருந்தது. அன்று தாமதமாகப் பதினொன்றரைக்குத்தான் கடைக்குக் கிளம்பினாள், அப்போதும் கதவை வலக்கையால்தான் சாத்தினாள். மத்தியானம் தம்பி கடைக்குப் போன் செய்தான், அதுவே அதிசயம். "அக்கா, கடையில பழைய கண் சோதனை சார்ட் கெடக்குன்னியே, ஒண்ணு கொண்டு வர்றியா? அப்பாவுக்குப் படுத்துக்கிட்டே படிக்கப் பொழுது போகும்." தம்பிக்கு அப்பா மேல் எவ்வளவு பாசம் என்று உருகிப்போய், முதலாளியிடம் கேட்டு வாங்கி, கடை இருப்புப் பதிவேட்டில் தானே எழுதினாள்: பழைய சார்ட் ஒன்று, வீட்டுக்கு. தேதி நாலு. அதைச் சுருட்டி இடுக்கிக்கொண்டு சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோதுதான் முதன்முதலாகக் கை தவறான பக்கம் போனது. கதவு திரும்பியிருந்தது. வெளியே பார்த்த முகம் உள்ளே, உள்ளே பார்த்த முகம் வெளியே. தன் வீட்டை நிலைக்கண்ணாடிக்குள் பார்ப்பதுபோல் வாசலிலேயே நின்றுவிட்டாள் அன்றைக்கு.

"ஆக, காலை பதினோரு மணிக்குக் கைப்பிடி அந்தப் பக்கம் இருந்திருக்கவே முடியாது! இந்தப் படம் பிற்பாடு எடுத்தது! தேதி பொ... பொ..." என்று தொடங்கிய வக்கீலம்மா, தாழ்வாரமே திரும்பிப் பார்க்கும்படி மூன்று தும்மல் போட்டார்.

உள்ளே நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். நிறுவனத்தின் வக்கீல் கைப்பிடி என்ன கைப்பிடி என்று சிரித்தார். நீதிபதி சிரிக்கவில்லை. படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தன் அறையின் கதவை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

"நாளைக் காலையில சாட்சியை நிறுத்துங்க. பதிவேட்டையும் கொண்டு வரச் சொல்லுங்க."

வெளியே வந்ததும் வக்கீலம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "சாட்சி நீங்கதான். ரெண்டே விஷயம். கதவைத் திருப்பி மாட்டினது நாலாம் தேதி பதினொன்னரைக்கு மேல, சாயங்காலத்துக்குள்ள. அது ஒண்ணு. அந்தக் கதவுல எந்த நோட்டீஸும் நீங்க எப்பவும் பாக்கலை. அது ரெண்டாவது. சத்தியம் பண்ணி இந்த ரெண்டையும் சொல்லிட்டா வீடு உங்களுது."

"ரெண்டும் உண்மைதானே மேடம்."

"அதனாலதான் பயமில்லாம இருக்கேன். ஆமா, அவங்க வக்கீல் குறுக்குக் கேள்வி கேப்பார். அன்னைக்குப் பாத்து உங்க தம்பி ஏன் கதவைத் திருப்பினார்?"

"அப்பா கீழ விழுந்து வாக்கர் வாங்கினோம். கதவு பழைய பக்கம் திறந்தா வாக்கர் இடிக்கும். அதான்."

"அருமை. அப்படியே சொல்லுங்க."

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. ஒருவழியாக மழை தீர்மானத்துக்கு வந்து தூறிக்கொண்டிருந்தது. அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சாய்ந்துகொண்டாள். விளக்குகள் பெரிய பெரிய பூவாக விரிந்து பின்னால் போயின. வீடு திரும்பக் கிடைத்துவிட்டது. நாளை இந்நேரம் அப்பாவிடம் போய்ச் சொல்லலாம். இனிமேல் ஜன்னல்களுக்கு வர்ணம் அடிக்கலாம், நீலம் நன்றாக இருக்கும். தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில் அவள் ஒவ்வொரு ஜன்னலாக நீலம் அடித்துக்கொண்டே போனாள். அப்பா வாக்கரைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே வந்தார். டக், டக் என்று சத்தம்.

வாக்கர்.

அவள் கண்ணைத் திறந்தாள்.

அப்பா விழுந்தது அந்த மாதம் பதினெட்டாம் தேதி. கடையில் பண்டிகைத் தள்ளுபடி முடிந்த மறுநாள், அவள் லீவு போட்டு ஆஸ்பத்திரியில் இருந்தாள். வாக்கர் வந்தது அதற்கும் இரண்டு நாள் கழித்து. "நல்ல வேளை, கதவு முன்னாடியே மாறியிருந்தது, இல்லேன்னா வாக்கர் இடிச்சிருக்கும்" என்று அப்பாதான் சொன்னார். சொல்லிச் சொல்லி, வாக்கருக்காகத்தான் கதவு மாறியது என்றே எல்லாருக்கும் ஆகிவிட்டது.

அப்படியானால் நாலாம் தேதி தம்பி எதற்காகக் கதவைத் திருப்பினான்?

சார்ட் எதற்காகக் கேட்டான்? எங்கே மாட்டினான்?

கதவின் உள்பக்கம். நாலு திருகு போட்டு, அசைக்க முடியாமல்.

பஸ் நின்றது. இறங்க வேண்டிய இடம் தாண்டி ஒரு நிறுத்தம் வந்திருந்தாள். மழையில் நடந்தே திரும்பி வந்தாள். நனைந்ததுகூட அவளுக்கு உறைக்கவில்லை.

கொட்டகையில் தம்பி, தார்ப்பாய் போர்த்திய அந்தப் பெரிய மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கைவாளுக்குப் பல் தீட்டிக்கொண்டிருந்தான். இன்னும் வெளிச்சம் இருந்தது. மரத்தூள் வாசனை, ஈர மண் வாசனை. சின்ன வயதில் இருவரும் மரச்சுருள்களைக் காதில் மாட்டிக்கொண்டு விளையாடிய இடம்.

"ஜெயிச்சுடுவோமாம்டா."

அவன் நிமிர்ந்தான். முகத்தில் சந்தோஷம் வந்தது, வந்த சுவட்டிலேயே நின்றது.

"கைப்பிடியை வெச்சு நான்தான் கண்டுபிடிச்சேன். நாளைக்கு நான் சாட்சி. கதவுல நோட்டீஸே இல்லைன்னு சத்தியம் பண்ணணும்." அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பண்ணலாமில்ல?"

வாள் அவன் கையில் இருந்து கீழே சரிந்தது.

"டேய்."

"பண்ணுக்கா."

"என்னைப் பாத்துச் சொல்லு."

அவன் பார்க்கவில்லை. "சார்ட்டை மட்டும் எடுக்காதக்கா."

அவள் விறுவிறுவென்று வீட்டுக்குள் போனாள். அவன் பின்னாலேயே ஓடி வந்தான்.

கூடத்தில் அப்பா தூக்கத்தில் எங்கோ போய்க்கொண்டிருந்தார். "பழைய தண்ணித் தொட்டி... எறங்கு எறங்கு... ரைட்." எதிரே கதவில் சார்ட் தொங்கியது. மேலே ஒற்றை எழுத்து பெரிதாக, கீழே வர வரச் சிறுத்துக்கொண்டே போய்க் கடைசி வரி எறும்பு ஊர்வது மாதிரி. ஏழு மாதமாக அப்பா தினம் படித்த சார்ட். தினம் அவள் கடந்துபோன சார்ட்.

"கழட்டு."

"வேணாம்க்கா."

"நீ கழட்டுறியா, நான் பிச்சு எறியட்டுமா?"

அவன் இடுப்பில் இருந்த திருப்புளியை எடுத்தான். முதல் திருகு, இரண்டாவது திருகு. மூன்றாவது திருகும் கழன்றது. அவள் சட்டென்று தன் கண்ணாடியைக் கழற்றிவிட்டாள். ஏனென்று அவளுக்கே தெரியவில்லை.

சார்ட் கீழே இறங்கியது.

அவளுக்குத் தெரிந்ததெல்லாம் பழுப்பான கதவின் நடுவில் ஒரு வெளுப்பு. நிலா மாதிரி, ஜன்னல் மாதிரி, எது வேண்டுமானாலும் அது என்று சொல்லிவிடலாம்.

"நாலாம் தேதி ஒருத்தன் வந்து ஒட்டிட்டுப் போனான்." தம்பியின் குரல் தணிந்திருந்தது. "நீ கடையில இருந்த. அப்பா தூங்கிட்டிருந்தாரு. ஏலம்னு போட்டிருந்துச்சு. உன் கண்ணுலயும் அவர் கண்ணுலயும் பட்டுடக்கூடாதுன்னு... கோந்து போட்டு ஒட்டியிருந்தான். அடியில பெருசா, கிழிச்சா தண்டனைன்னு போட்டிருந்துச்சு. எனக்குப் பயமாயிடுச்சு. கதவைக் கழட்டித் திருப்பி மாட்டிட்டேன். உள்பக்கம் வந்த பிறகும் தெரிஞ்சுது, அதான் சார்ட். நீ அதைக் கொண்டு வர்ற வரைக்கும் துண்டைப் போட்டு மறைச்சேன். எப்படியாவது பணத்தைப் புரட்டிடலாம், யாருக்கும் தெரியாம முடிச்சிடலாம்னு நெனச்சேன்."

அவன் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி அவள் கேட்டதே இல்லை.

"அப்ப அவங்க சொல்றது உண்மை. ஒட்டியிருக்காங்க."

"அக்கா, கேளு." அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான், கண்ணாடி இருந்த கையை. "நீ இதைப் போடாத. போடலைன்னா நீ படிக்கலை. படிக்கலைன்னா எது இருக்குன்னு உனக்குத் தெரியாது. நாளைக்கு நீ பாக்கலைன்னு சொன்னா அது பொய்யே இல்லை. நான் இப்பவே இழைச்சு எடுத்துடறேன். ஒரு இழைப்பு, அவ்வளவுதான். வீடு நிக்கும்க்கா."

எவ்வளவு சுலபம்! அவள் அந்த வெளுப்பைப் பார்த்தபடியே நின்றாள். அது அழகாகக்கூட இருந்தது. இப்படியே திரும்பிப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு, காலையில் கூண்டில் ஏறி இரண்டு வரி சொன்னால் போதும். அப்பா இதே கட்டிலில் தன் பஸ்ஸில் போய்க்கொண்டிருப்பார். ஜன்னல்களுக்கு நீலம் அடிக்கலாம்.

மருந்துக்கடைக்காரரின் கண்ணாடி ஞாபகம் வந்தது. நம்பினேன் என்றாரே அந்த மனிதர். இருபது வருடத்தில் ஒருவருக்குக்கூட அவள் பவரைக் கூட்டிக் குறைத்துச் சொன்னதில்லை. தெரியலை என்று வெட்கப்பட்டு மறைப்பவர்களிடம், "மறைச்சா உங்களுக்குத்தான் கஷ்டம், உள்ளதைச் சொல்லுங்க" என்று தினம் பத்துப் பேரிடம் சொல்லிச் சம்பளம் வாங்குபவள்.

அழுகை வந்தது. வீடு கையைவிட்டுப் போகிறது என்று தெரிந்தே, தம்பியின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டுக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

வெளுப்பு காகிதமாயிற்று. காகிதத்தில் எழுத்து வந்தது. மேலே பளபளவென்று ஏதோ பூச்சு.

"என்னடா இது, மினுமினுங்குது?"

"வார்னிஷ். மரத்தோட மரமா மறைஞ்சிடும்னு அடிச்சேன். இன்னும் தெளிவாயிடுச்சு."

இந்த லட்சணத்தில் இவன் ஒரு தச்சன்! சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன அவளுக்கு. கடையில் மற்றவர்களைப் படிக்கச் சொல்வதுபோலத் தன்னையே படிக்கச் சொல்லிக்கொண்டாள். முதல் வரி. இரண்டாவது வரி. அப்பாவின் பேர், வீட்டு எண், நாலு பக்க எல்லை. எல்லாம் சரியாக இருந்தன. ஒட்டிய தேதி நாலு, முத்திரையோடு. ஒவ்வொரு வரிக்கும் வீடு ஓர் அடி தள்ளிப் போயிற்று.

கடைசிக்கு முந்தைய வரியில் நின்றாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தாள்.

"ரம்பம், ஏலம் என்னைக்குடா நடந்தது?"

"ஆறாம் தேதி."

"இதை நீ படிச்சியா?"

"ஏலம்னு இருந்ததைப் படிச்சேன். தண்டனைன்னு இருந்ததைப் படிச்சேன்."

"நடுவுல?"

அவன் விழித்தான். கடன் பத்திரத்தையும் இப்படித்தான் படித்திருப்பான், படுபாவி.

அவள் வரியின் மேல் விரலை வைத்தாள். "'மேற்படி வீடு அடுத்த மாதம் பதினாறாம் தேதி காலை பத்து மணிக்கு ஏலம் விடப்படும்.' பதினாறுடா! ஆறு இல்லை. பதினாறுன்னு ஊருக்குச் சொல்லிட்டு, பத்து நாள் முன்னாடியே வித்துட்டாங்க. தப்பு தெரிஞ்ச பிறகு ஆறுன்னு இன்னொண்ணு அடிச்சு, நீ திருப்பி மாட்டின கதவுலயே டேப் போட்டு ஒட்டி, படம் எடுத்துக்கிட்டுப் பிச்சுட்டுப் போயிருக்காங்க. பழைய தேதியைப் பின்னால எழுதியிருக்காங்க."

தம்பிக்கு விளங்க ஒரு நிமிடம் ஆயிற்று. விளங்கியதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். வீட்டைக் காப்பாற்றக்கூடிய ஒரே காகிதத்தை அவன் ஏழு மாதமாக மறைத்து வைத்திருந்தான். இப்போதுதான் இழைத்து எறியவும் பார்த்தான்.

வக்கீலம்மாவுக்குப் போன் போட்டாள். முழுவதையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். மறுமுனையில் கட்டுகளைப் புரட்டும் சத்தம் கேட்டது. தும்மல் மட்டும் வரவில்லை.

"நோட்டீஸே ஒட்டலைன்னு உங்கப்பா சத்தியம் பண்ணி மனு போட்டிருக்கார்," என்றார் கடைசியில். "அது தப்புன்னு நாமளே போய்ச் சொல்லப்போறோம். உங்க தம்பி கூண்டுல ஏறி, நான்தான் மறைச்சேன்னு சொல்லியாகணும். நீதிபதி அதை எப்படி எடுத்துப்பார்னு எனக்குச் சொல்லத் தெரியலைம்மா. கோபம் வந்தா எதுவும் நடக்கலாம். தயாரா?"

அவள் தரையில் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்தாள். அவன் தலையாட்டினான்.

"தயார் மேடம்."

"அப்ப அந்தப் பேப்பரைக் கிழியாம எடுத்துட்டு வாங்க."

"எடுக்க முடியாது. மேல வார்னிஷ் அடிச்சிருக்கான்."

அப்போதுதான் தும்மல் வந்தது. ஒன்றல்ல, ஐந்து. "அப்படின்னா கதவையே கொண்டு வாங்க!"

தம்பி அன்று சாயங்காலமே கதவைக் கழற்றிவிட்டான். விடியற்காலை வேன் வரும் வரை அவனால் பொறுக்க முடியவில்லை. கீல்கள் ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தன. கதவைப் பழைய போர்வையில் சுற்றிச் சுவரோரம் சாய்த்தான். தெருவின் வெளிச்சமெல்லாம் தடையில்லாமல் கூடத்துக்குள் வந்து, அப்பாவின் கட்டில் வரை நீண்டது.

அந்த வெளிச்சம் பட்டு அப்பா விழித்துக்கொண்டார்.

"என்ன, காத்து வருது?"

ரம்பம்தான் கட்டிலருகே போய் மண்டியிட்டான். "அப்பா, ஏல நோட்டீஸ் வந்துச்சு. நான்தான் மறைச்சேன். சார்ட்டுக்குப் பின்னாடியே இருந்துச்சு."

அப்பா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"டிக்கெட் எடுக்காம உக்காந்திருக்கிறவன் மூஞ்சி எனக்குத் தெரியாதா? ஏழு மாசமா நீ அந்த மூஞ்சியோடதான் திரிஞ்ச. எந்த ஸ்டாப்புல வந்து சொல்வேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்." அவன் தலையைத் தடவினார். "எப்பப் போகணும்?"

"விடிஞ்சதும். ஆனா ராத்திரி முழுக்கக் கதவில்லாம எப்படிப்பா?"

"முப்பது வருஷம் நான் போன பஸ்ஸுக்குக் கதவே கிடையாதுடா."

அவர் வாக்கரை இழுத்துப் பிடித்து எழுந்தார். டக், டக் என்று நடந்து வந்து, கதவு இருந்த இடத்தில் நாற்காலி போடச் சொல்லி, தெருவைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். அவள் ஒரு பக்கம் வந்து நின்றாள், தம்பி மறுபக்கம். வழக்கம்போல அவள் வலக்கை கைப்பிடியைத் தேடிப் போனது. இந்தத் தடவை அங்கே அப்பாவின் தோள் இருந்தது.

அப்பா போர்வையில் சுற்றியிருந்த கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பயணிகள் எல்லாரும் ஏறிவிட்டார்களா என்று பார்ப்பதுபோல இருவரையும் பார்த்தார். இந்த வீட்டில் முதன்முதலாக, முழு விழிப்பில் சொன்னார்:

"ரைட்."